பெட்டிகளை இணைக்கும் கோடு - ஒரு சின்ன வரலாறு

ஒரு பெட்டி. பக்கத்தில் இன்னொரு பெட்டி. நடுவில் அம்புக்குறி போட்ட ஒரு கோடு. இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று தோன்றலாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரப் பிரிவில் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும், இந்தக் கோடு எவ்வளவு பெரிய தலைவலி என்று. பெட்டியை நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே நிற்கும். நடுவில் ஒரு பெட்டியைச் சேர்த்தால் கோடு ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். விடிந்தால் ஆடிட். படம் மட்டும் முடியாது!

இந்தத் தலைவலிக்கு வயது நூறுக்கு மேல்.

காகிதக் காலம்

ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து, குறிகளால் காட்டி, கோட்டால் இணைக்கும் முறையைப் பிரபலப்படுத்தியவர்கள் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கத் தம்பதி. 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் 'பிராசஸ் சார்ட்' பற்றிய தங்கள் கட்டுரையை அளித்தார்கள். 1947-ல் அந்தச் சங்கம் இதற்கான குறிகளைத் தரப்படுத்தியது. அதே 1947-ல் கோல்ட்ஸ்டைனும் வான் நியூமனும் கணினிக்கான நிரலைத் திட்டமிடப் பாய்வுப் படம் வரைந்து காட்டினார்கள். தொழிற்சாலையில் பிறந்த கோடு கணினிக்குள்ளும் நுழைந்தது.

அப்போது எல்லாமே கை வேலை. பெட்டிகளை வரைய, வடிவங்கள் வெட்டப்பட்ட பிளாஸ்டிக் அச்சுப் பட்டை உண்டு. கோட்டுக்கு ஸ்கேல். நடுவில் ஒரு படியைச் சேர்க்க வேண்டுமா? ரப்பரை எடுக்க வேண்டியதுதான், இல்லையென்றால் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. பாய்வுப் பட மரபில் 'கனெக்டர்' என்பது கோட்டின் பெயரே அல்ல. அது ஒரு சின்ன வட்டத்தின் பெயர். கோட்டை நேராகக் கொண்டுபோக முடியாத இடத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே 'அ' என்பது போல ஓர் எழுத்தை எழுதுவார்கள். வேறோர் இடத்தில் அதே எழுத்துள்ள வட்டத்திலிருந்து படம் தொடரும். அதாவது கோடு போட முடியாதபோது வைத்த குறிதான் கனெக்டர். பின்னாளில் மென்பொருள்கள் அந்தப் பெயரைக் கோட்டுக்கே கொடுத்துவிட்டன.

கோட்டுக்கு அறிவு வந்த கதை

காகிதத்தில் உள்ள கோட்டுக்குத் தான் எதை இணைக்கிறோம் என்று தெரியாது. பார்ப்பவருக்குத்தான் தெரியும். இதை மாற்றியவர் ஐவன் சதர்லேண்ட். 1963-ல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக அவர் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' நிரலில், ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையலாம். ஒரு புள்ளியை நகர்த்தினால் அதில் சேர்ந்திருக்கும் கோடுகளும் கூடவே நகரும். மின்சுற்றுப் படத்தில் ஒரு குறியை இழுத்தால் அதன் கம்பிகள் அறுந்துபோகாது. இன்றைய கனெக்டர்களின் மூதாதை இதுதான்.

இன்னொரு கேள்வி, கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்பது. 1961-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் சி.ஒய். லீ ஒரு வழிமுறையை வெளியிட்டார். கட்டம் போட்ட தாளில் தொடங்கும் கட்டத்தில் தண்ணீர் ஊற்றியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடைகளைச் சுற்றிக்கொண்டு அது கட்டம் கட்டமாகப் பரவும். இலக்கைத் தொட்டதும் வந்த வழியே திரும்பிப் பார்த்தால் மிகக் குறுகிய பாதை கிடைத்துவிடும். மின்சுற்றுப் பலகைகளில் கம்பிப் பாதை போட இது பெரிதும் பயன்பட்டது. இன்று திரையில் கோடுகள் பெட்டிகளைச் சுற்றி வளைந்து போவதும் இதே கேள்விக்கான பதில்தான்.

இந்த வசதிகளைச் சாதாரண அலுவலக மேசைக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானது விசியோ. 1990-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் 1992-ல் இதை வெளியிட்டது. 2000-ல் அது மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. கோட்டின் முனை பெட்டியில் ஒட்டிக்கொள்வதற்கு விசியோ வைத்த பெயர் 'குளூ', அதாவது பசை!

ஒரகடத்துக்கு வந்த வழி

1990-களின் நடுவில் சென்னையைச் சுற்றிக் கார் கம்பெனிகள் வரத் தொடங்கின. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-ல் வெளிவந்தது. பிறகு ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர். இவர்களைச் சுற்றி சப்ளையர்கள் முளைத்தார்கள்.

கார் கம்பெனிகளோடு அவர்களுடைய காகிதங்களும் வந்தன. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து 1994-ல் கியூ.எஸ்.-9000 என்ற தரமுறையைக் கொண்டுவந்தன. பின்னர் அதன் இடத்துக்கு டி.எஸ். 16949 வந்தது, 2016-ல் ஐ.ஏ.டி.எஃப். 16949 வந்தது. பெயர்கள் மாறினாலும் ஒன்று மாறவில்லை. புதிய பாகத்துக்கு ஒப்புதல் கேட்கும்போது 'பிராசஸ் ஃப்ளோ டயகிராம்' கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை வைத்து, எந்தப் படியில் என்ன தவறு நடக்கலாம் என்ற அட்டவணை. அதை வைத்து, எங்கே எதை அளப்பது என்ற கண்ட்ரோல் பிளான். மூன்றுக்கும் அடித்தளம் பெட்டிகளும் கோடுகளும்தான். ஃபோர்டு 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்திய பிறகும், அந்தக் காகித முறை இந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை.

ஒரு கோடு தவறினால்?

ஓர் உதாரணம். ஒரு பிரேக் பாகம் 40-ம் படியில் கடையப்படுகிறது, 50-ல் அளக்கப்படுகிறது, 60-ல் பொருத்தப்படுகிறது. அளவில் தேறாதது ரீவொர்க் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து திரும்பும் கோடு 50-க்கு வர வேண்டும், அப்போதுதான் மறுபடி அளப்பார்கள். யாரோ நடுவில் ஒரு பெட்டியைச் சேர்த்துப் படத்தைக் கீழே தள்ளுகிறார். ஒட்டாத அந்தக் கோடு அங்கேயே நின்று, 60-க்குப் பக்கத்தில் போய் முடிவதுபோலத் தெரிகிறது. படத்தின்படி இப்போது திருத்திய பாகம் அளக்கப்படாமலே வண்டிக்குப் போகிறது! அந்தப் படத்தை நம்பிக் கண்ட்ரோல் பிளான் எழுதினால் மறு அளவு என்ற வரியே அதில் இருக்காது.

வழக்கமான கோளாறுகள்

1. தொடுகிறது, ஆனால் ஒட்டவில்லை: இதுதான் முதல் எதிரி. பெட்டியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். கோடு கூடவே வந்தால் ஒட்டியிருக்கிறது. பார்த்த பிறகு கண்ட்ரோல்-இசட் அழுத்தி விடலாம். விசியோவில் ஒட்டவே மறுத்தால், ஆல்ட்-எஃப்9 அழுத்தினால் வரும் பெட்டியில் 'குளூ' அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. கோடு ஊரைச் சுற்றுகிறது: முனை பெட்டியின் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் ஒட்டப்பட்டிருக்கும். பெட்டி எங்கே போனாலும் அந்தப் புள்ளியை விடாது. முனையைப் பிரித்துப் பெட்டியின் நடுவுக்கு இழுத்து, முழு விளிம்பும் ஒளிரும்போது விட்டால் அது பெட்டியோடு ஒட்டும். பிறகு வசதியான பக்கத்தை மென்பொருளே தேர்ந்தெடுக்கும்.

3. எக்செல்லில் பெட்டி நீள்கிறது: ஒரு வரியைச் செருகினால் பெட்டியும் இழுபடும், கோடும் கோணும். வடிவத்தின் பண்புகளில் 'நகரலாம், அளவு மாறக் கூடாது' என்ற தேர்வை வைத்தால் சரியாகும்.

4. வேர்டில் ஒட்டவே இல்லை: 'டிராயிங் கேன்வாஸ்' என்ற பரப்பைச் செருகி அதற்குள் வரைய வேண்டும். வெளியே வரைந்தால் வெறும் கோடுதான்.

5. கோடுகள் குறுக்கே வெட்டுகின்றன: வெட்டுவதால் இரண்டும் சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. பழைய வரைவாளர்கள் அங்கே ஒரு சின்ன வளைவு போட்டுத் தாண்டுவார்கள். விசியோவும் அதையே செய்யும். ஆனாலும் பெட்டிகளை இடம் மாற்றி வெட்டைத் தவிர்ப்பதே நல்லது.

முடிவாக...

கோடு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ள 1963 முதல் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. ஆனால் பிடித்திருப்பது சரியான பெட்டிதானா என்று எந்தப் பசையும் சொல்லாது. ரீவொர்க் கோட்டை நேராக 60-க்கு ஒட்டினாலும் அது அழகாகவே ஒட்டிக்கொள்ளும். கில்பிரெத் தம்பதி வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்துத்தான் தங்கள் படங்களைப் போட்டார்கள். இன்றும் வழி அதுதான். படத்தை அச்செடுத்துக்கொண்டு, முதல் மெஷினிலிருந்து கடைசி மெஷின் வரை ஒருமுறை நடந்து பார்ப்பது. கோடு போகும் வழியில் பாகமும் போகிறதென்றால் படம் சரி.