கல்லாவைக் கடந்த பெட்டி: ஜப்பானின் மாதாந்திர வீடியோ கேம் விற்பனைக் கணக்கு எதை அளக்கிறது?

மக்கள் எதை விளையாடுகிறார்கள் என்பதைக் கடை விற்பனையைக் கொண்டே அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை ஜப்பானில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. நிண்டெண்டோவின் ஃபாமிகாம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் கடைக்கு வந்தது. மூன்றாண்டு கழித்து, அக்கருவிக்கென்றே 1986இல் தொடங்கப்பட்ட ஃபாமிட்சு இதழ், எந்த விளையாட்டு எத்தனை பிரதி போனது, எந்தக் கருவி எத்தனை விற்றது என்பதை இன்று வாரந்தோறும் எண்ணிக்கையுடன் அச்சிடுகிறது. மாதத் தொகுப்பும் ஆண்டுத் தொகுப்பும் அதிலிருந்தே பிறக்கின்றன. அமெரிக்காவில் சர்க்கானா நிறுவனம் மாதந்தோறும் தரும் பட்டியல் டாலர் மதிப்பின்படி வரிசைப்படுத்தப்பட்டது. எத்தனை பிரதி என்ற விவரம் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. அந்த வகையில் ஜப்பானியக் கணக்கு ஆய்வாளருக்குக் கிடைத்த அரிய கொடை. ஆனால் அந்தக் கொடையே நம்மைத் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மாதக் கணக்கு விருப்பத்தை அளப்பதில்லை. ஓர் அட்டைப்பெட்டி கடையின் கல்லாவைக் கடந்த கணத்தையே அளக்கிறது. ஒருகாலத்தில் அந்தக் கணமும் வாங்குபவரின் விருப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்று அவ்விரண்டுக்கும் நடுவே சரக்கு வரத்தும் யென்னின் மதிப்பும் பதிவிறக்கமும் வந்து நிற்கின்றன.

முதலில் ‘மாதம்’ என்ற சொல்லையே பார்க்க வேண்டும். ஃபாமிட்சுவின் அடிப்படை அலகு திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரம். அதன் மாதம் நாட்காட்டி மாதம் அல்ல. நான்கு அல்லது ஐந்து வாரங்களின் கூட்டு. விற்பனை வேகம் கடுகளவும் மாறாமல் இருந்தாலும், நான்கு வார மாதத்தை அடுத்து ஐந்து வார மாதம் வந்தால் கணக்கு 25 விழுக்காடு கூடியதாகத் தோன்றும். இது சின்ன விஷயம் போலத் தெரியலாம்; ஆனால் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். காப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் வெளியான நாள் 2025 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. அந்த வாரம் மார்ச் 2 ஞாயிறன்று முடிந்தது. முதல் மூன்று நாளில் பிளேஸ்டேஷன் 5க்கான பெட்டிகள் ஆறு இலட்சம் விற்றன என்பது ஃபாமிட்சுவின் மதிப்பீடு. மூன்று நாளில் ஒரு நாள் பிப்ரவரி, இரண்டு நாள் மார்ச். அந்த வாரத்தை எந்த மாதத்தில் சேர்த்தாலும் ஒரு மாதம் வீங்கும், மற்றது மெலியும். ஜப்பானில் ஒரு விளையாட்டின் வாழ்நாள் விற்பனையில் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே முடிந்துவிடுவது நெடுங்கால வழக்கம் என்பதால், இந்த ஒரு வாரத்தின் இடம் மாறினாலே ‘சந்தை எழுந்தது’, ‘சந்தை விழுந்தது’ என்ற செய்திகள் உருவாகிவிடுகின்றன.

நாட்காட்டிக்கு வெளியே சமூகத்தின் நாட்காட்டி ஒன்றும் இருக்கிறது. டிசம்பரில் ஊழியர்களுக்குக் குளிர்கால போனஸ் கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் பரிசு வாங்கும் காலமும் அதுவே. ஜனவரி பிறந்ததும் பெரியவர்கள் சிறு உறையில் வைத்துக் கொடுக்கும் ஒதோஷிதாமா என்ற புத்தாண்டுப் பணம் பிள்ளைகள் கைக்கு வருகிறது. பெரும்பாலான நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், அந்த ஆண்டின் வரவில் சேர்த்துவிடப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெரிய விளையாட்டுகளை இறக்குவதும் வழக்கம். ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவது இதனால் பெரும்பாலும் வீண் வேலை. கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடலாமே என்றால், அந்த மாதத்தில் எந்த விளையாட்டு வெளிவந்தது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

இவை எல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். வரத்துச் சிக்கல் அப்படியல்ல. நிண்டெண்டோ சுவிட்ச் 2 கருவி 2025 ஜூன் 5 அன்று வெளிவந்தது. முதல் நான்கு நாளில் 9,47,931 விற்றதாக ஃபாமிட்சு மதிப்பிட்டது. மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், நிண்டெண்டோ தன் சொந்த இணையக் கடையில் நடத்திய குலுக்கலுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள் என்று அதன் தலைவர் ஃபுருகாவா ஷுன்தாரோ அறிவித்திருந்தார். இத்தனைக்கும் அந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்கவே முந்தைய சுவிட்சில் 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், கட்டணச் சந்தாவில் மொத்தம் ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். இந்தத் தகுதியோடு, ஒரே கடையில் வரிசையில் நின்றவர்களின் எண்ணிக்கை, நாடு முழுவதும் நான்கு நாளில் விற்ற கருவிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் 9,47,931 என்ற எண் எதைச் சொல்கிறது? தொழிற்சாலையிலிருந்து எத்தனை கருவி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. விருப்பம் அந்த எண்ணுக்கு வெளியே, குலுக்கலில் தோற்றவர்களிடம் நின்றுவிட்டது. 2020இலும் இதே கதைதான். பிப்ரவரியில், சீனத்து உற்பத்தி கொரோனா தொற்றால் தடைப்பட்டதால் ஜப்பானுக்கான சுவிட்ச் வரத்து தாமதமாகும் என்று நிண்டெண்டோ அறிவித்தது. மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 20 அன்று அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் வந்து மூன்று நாளில் 18 இலட்சத்துக்கு மேல் பெட்டிகள் விற்றது. வீட்டில் அடைபட்டிருந்த நாடே அந்தக் கருவியைத் தேடிய காலத்தில், கருவி விற்பனைக் கோடு தேவையைப் பின்தொடரவில்லை, கப்பல்களைப் பின்தொடர்ந்தது.

அடுத்தது நாணயம். சோனியின் பிளேஸ்டேஷன் 5 கருவி 2020 நவம்பர் 12 அன்று ஜப்பானில் வரியுடன் 54,978 யென்னுக்கு வந்தது. 2022 செப்டம்பரில் 60,478 ஆனது. அடுத்த மாதம் டாலர் 150 யென்னைத் தாண்டியது. அந்த மாற்று விகிதத்தில் ஜப்பானிய விலை, வரி உட்பட, சுமார் 400 டாலர். அமெரிக்காவில் அதே கருவி வரி நீங்கலாக 499 டாலர். இந்த இடைவெளி இருக்கும் இடத்தில் மறுவிற்பனைக்காரர் முளைக்காமல் இருக்க மாட்டார். டோக்கியோவில் கல்லாவைக் கடந்த பெட்டி வேறொரு நாட்டு வரவேற்பறையில் போய்த் திறக்கப்பட்டிருக்கலாம். கணக்கில் அது ஜப்பானிய விற்பனை. கடைக்காரர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். பெட்டியின் மேல் வாங்குபவரின் பெயரை எழுதிக் கொடுத்த கடைகள் உண்டு. புத்தம்புதுப் பெட்டியில் பேனாவால் எழுதப்பட்ட அந்தப் பெயர், ‘விற்பனை’ என்ற ஒரே சொல்லுக்குள் விளையாடுபவரும் வியாபாரியும் கலந்துவிட்டார்கள் என்பதற்குக் கடையே தந்த வாக்குமூலம். 2024 செப்டம்பரில் சோனி விலையை 79,980 யென்னாக உயர்த்தியபோது வெளிநாட்டு மறுவிற்பனையின் ஆதாயம் சுருங்கியது. உள்ளூர்க் குடும்பத்துக்கு அக்கருவி எட்டாக்கனியாகவும் ஆனது. நிண்டெண்டோ வேறு வழியைத் தேர்ந்தது. ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் சுவிட்ச் 2ஐ 49,980 யென்னுக்கும், பன்மொழிக் கருவியை 69,980 யென்னுக்கும் விற்றது. மொழியையே சுங்கச்சாவடியாக நிறுத்திய இந்த ஏற்பாடு, சுவிட்ச் 2இன் ஜப்பானிய எண்களை பிளேஸ்டேஷன் 5இன் எண்களைவிட நம்பகமானவையாக ஆக்குகிறது என்பது என் கணிப்பு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக வரைந்து ஒப்பிடும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

பதிவிறக்கத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டாயிற்று. அளவைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். 2022 செப்டம்பர் 9 அன்று வந்த ஸ்பிளாட்டூன் 3, முதல் மூன்று நாளில் ஜப்பானில் மட்டும் 34.5 இலட்சம் விற்றதாக நிண்டெண்டோ அறிவித்தது. இதில் பதிவிறக்கமும் அடக்கம். அதே மூன்று நாளுக்கு ஃபாமிட்சுவின் கடைக் கணக்கு ஏறத்தாழ 19.3 இலட்சம். நூற்றில் 44 பேர் கடைக் கணக்கில் இல்லை. இது கணினியில் விளையாடும் பெரியவர்களுக்கான விளையாட்டு அல்ல, பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடிய விளையாட்டு என்பது கவனிக்கத்தக்கது. பிள்ளைகளிடம் கடன் அட்டை இல்லையே, அவர்கள் பெட்டிதானே வாங்குவார்கள் என்ற பழைய ஊகம் இங்கே உடைகிறது. தெருமுனை கன்வீனியன்ஸ் கடையில் காசு கொடுத்து முன்கட்டண அட்டை வாங்கி, அதன் எண்ணைத் தட்டினால் விளையாட்டு இறங்கிவிடும். அந்தப் பணம் விளையாட்டுப் பட்டியலின் எந்த வரியிலும் விழாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுதானே மாதிரிக் கணக்கின் இலக்கணம், எல்லாக் கடைகளையும் எண்ணாமல் சிலவற்றிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுவதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழை ஏதுமில்லை. பெட்டி விற்பனைக்கு ஃபாமிட்சுவின் மதிப்பீட்டைவிட நல்ல சான்று பொதுவெளியில் இல்லை. இக்கட்டுரையே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அடுப்பில் இப்போது இரண்டு பானை இருக்கிறது. ஒரு பானையில் எடுத்த சோறு மற்றதன் பதத்தைச் சொல்லாது. பெட்டிக்கும் பதிவிறக்கத்துக்கும் உள்ள விகிதம் நிலையாக இருந்தாலாவது ஒரு பெருக்கெண் போட்டுச் சரிசெய்யலாம். அந்த விகிதம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறுகிறது, ஆண்டுக்கு ஆண்டும் மாறுகிறது. 2018 ஜனவரியில் மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்ட் முதல் மூன்று நாளில் ஜப்பானில் 13.5 இலட்சம் பெட்டி விற்றது. உலகெங்கும் 50 இலட்சம் அனுப்பப்பட்டது. 2025இல் வைல்ட்ஸ் உலகெங்கும் மூன்று நாளில் 80 இலட்சத்தைத் தாண்டியது. ஜப்பானியப் பெட்டிக் கணக்கோ பாதிக்கும் கீழே இறங்கியது. வேர்ல்ட் கணினிக்கு வர ஆறு மாதத்துக்கும் மேல் ஆனது, வைல்ட்ஸ் முதல் நாளே ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வந்துவிட்டது என்பதை அறியாதவர், ஜப்பானியர் இத்தொடரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதிவிடுவார்.

நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகள் இக்குறையை நிரப்பும் என்பது அடுத்த மறுப்பு. அவை ஓரளவே உதவும். அவற்றில் வரும் எண் பெரும்பாலும் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பியது. ஃபாமிட்சுவின் எண் கடை மக்களுக்கு விற்றது. முன்னதில் கிடங்கில் தூங்கும் சரக்கும் சேரும். மூன்று மாத அறிக்கையிலிருந்து ஒரு மாதத்தைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. இவற்றோடு பழைய பிரதிகளின் வாணிகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய விளையாட்டுகளை விற்பது சட்டப்படி சரியே என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2002 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒரே பெட்டி மூன்று வீடுகளில் ஆடப்பட்டாலும் மாதக் கணக்கில் அது ஒன்றுதான்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டவரும் ஒன்று சொல்லக்கூடும்: அளவு பிழையாக இருந்தாலும் போக்கு உண்மைதானே, சரியும் கோடு சரிவைத்தானே காட்டும்? இந்த வாதத்துக்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. நிண்டெண்டோ 3டிஎஸ் 2011 பிப்ரவரி 26 அன்று 25,000 யென்னுக்கு வந்தது. இரண்டு வாரத்தில், மார்ச் 11 அன்று, கிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. வசந்தமும் கோடையும் விற்பனை படுத்தே கிடந்தது. கையடக்கக் கருவியின் காலம் முடிந்தது, இனி கைபேசிதான் என்று அந்தக் கோட்டைக் காட்டி எழுதியவர்கள் பலர். அப்போதைய தலைவர் இவாதா சதோரு தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்; ஆகஸ்ட் 11 முதல் கருவியின் விலை 15,000 யென் ஆனது. நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பரில் மாரியோ கார்ட் 7, மான்ஸ்டர் ஹண்டர் 3ஜி என்று அடுத்தடுத்து வந்தன. ஓராண்டு நிறையும் முன்பே அக்கருவி ஜப்பானில் 40 இலட்சத்தைக் கடந்தது. ஜூலைக் கோடு காட்டியது ஒரு விலையின் தோல்வியை. அதைப் படித்தவர்கள் ஒரு பழக்கத்தின் மரணமாகப் படித்தார்கள்.

சரிவு எங்குமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் விலையுயர்ந்த கருவியின் இடம் ஜப்பானில் சுருங்கியிருக்கிறது என்பதை மறுக்க எனக்குச் சான்றில்லை. ஆனால் அதை நிறுவ ஒரு மாதத்தின் உச்சியும் பள்ளமும் போதா. நீண்டு ஓடும் வாலைப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் வந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஒரு மாதத்திலும் அதிசயம் காட்டாமல், வாரப் பட்டியலின் முதல் பத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தபடி, ஜப்பானில் மட்டும் 50 இலட்சம் பெட்டிகளைத் தாண்டியது. 2018இல் சுவிட்சுக்கு வந்த மைன்கிராஃப்ட்டும் அப்படியே. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விளையாட வரும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரப்படும் முதல் விளையாட்டுகள் இவை என்றே நான் புரிந்துகொள்கிறேன். கடைக் கணக்கு இன்றும் பிழையின்றி அளக்கும் ஏதாவது இருந்தால், அது இந்த மெதுவான, பரிசளிப்போடு பிணைந்த ஓட்டம்தான்.

அந்தக் கணக்கும் இப்போது புதிய கேள்வியைச் சந்திக்கிறது. சுவிட்ச் 2க்கு வரும் விளையாட்டுகளில் பலவற்றின் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் விளையாட்டு இல்லை. பதிவிறக்கத்தைத் திறக்கும் சாவி மட்டுமே இருக்கிறது. பெட்டி கடையில் விற்கிறது, விளையாட்டு இணையத்தில் இறங்குகிறது, அட்டையை மறுநாளே வேறொருவருக்கு விற்கவும் முடிகிறது. பெட்டி, பதிவிறக்கம், பழைய பிரதி என்று இதுவரை நாம் பிரித்து வைத்திருந்த மூன்றும் அந்தச் சின்ன அட்டையில் ஒன்றாகிவிட்டன; மாதக் கணக்கு அதை இன்னும் ஒரு பெட்டி என்றே எழுதுகிறது.