துரைமாரின் கோயிலும் உபதேசியாரின் பள்ளிக்கூடமும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

தோட்டப் பாடசாலையின் சரித்திரம் என்றால் 1977இலிருந்து அரசாங்கம் பொறுப்பெடுத்த கதையைத்தான் நாம் சொல்கிறோம். அதற்கு நூறு வருசத்துக்கு முந்திய கதை தேவாலயத்துக்குள் கிடக்கிறது. முஸ்லிம் ஆசிரியர்கள் நாங்கள் அதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நாங்கள் படிப்பிக்கும் வகுப்பறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தெஹியோவிட்டைப் பக்கம் கிளாசல் என்றொரு தோட்டம் இருக்கிறதல்லவா? ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பகுதியிலும் அதே பெயரில் ஓர் இடம் இருக்கிறது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஏராளம். 1867இல் லூல்கந்தூரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவர்தான்.

அவர்களுடைய சபை இங்கிலாந்துச் சபை அல்ல, பிரஸ்பிட்டேரியன் சபை. 1560இல் ஜோன் நொக்ஸ் காலத்தில் ஸ்கொட்லாந்து போப்பாண்டவரை விட்டுப் பிரிந்தபோது உருவானது. பிரஸ்பிட்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். அங்கே பிஷப் கிடையாது. போதகரும், சபை தெரிவுசெய்யும் மூப்பர்களும் கூடியிருந்து காரியங்களை முடிவு செய்வார்கள். நம்ம பள்ளிவாசல் ஜமாஅத் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது விளங்கும், சண்டை சச்சரவு உட்பட!

1840களில் கொழும்பிலும் கண்டியிலும் இவர்கள் தங்கள் கோயில்களை அமைத்தார்கள். ஆராதனை ஆங்கிலத்தில், துரைமாருக்கு. அதே துரைமாரின் லயன்களில் இருந்த தமிழ்ச் சனங்களுக்கு?

அதற்காக 1854இல் கண்டியை மையமாக வைத்து ஒரு மிஷன் தொடங்கியது. பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. இங்கிலாந்துச் சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம் மிஷனரியைக் கொடுத்தது, உபதேசிமாரின் சம்பளத்துக்குத் துரைமார் சந்தா கொடுத்தார்கள். சந்தா கொடுத்தவர்களில் பிரஸ்பிட்டேரியன்காரரும் இருந்தார்கள். திருநெல்வேலியில் வேலை செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் முதல் பொறுப்பாளராக வந்தார். உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழர்கள்தான்.

எங்களுக்கு இந்த உபதேசியார்தான் கதாநாயகன். மிஷனரி குதிரையில் போனார், உபதேசியார் நடந்தார். தோட்டம் தோட்டமாக ஏறி, வேலை முடிந்து வரும் ஆட்களிடம் லயத்து வாசலில் பேசினார், பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மதம் மாற்றத்தான் வந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மாறியவர்கள் கொஞ்சப் பேர்தான். பெரும்பாலான குடும்பங்கள் மாரியம்மனைக் கும்பிட்டபடியேதான் இருந்தன. ஆனா ஆவன்னா மட்டும் தங்கிவிட்டது.

1875இல் கொழும்புக்குப் புதிய பிஷப் நியமிக்கப்பட்டார், ரெஜினல்ட் கொப்பில்ஸ்டன். வயது முப்பதுதான். ஒரு பிரதேசத்திலுள்ள சபை வேலை முழுவதும், தோட்டத்து மிஷன் உட்பட, பிஷப்பின் குருமாரின் கீழ் வர வேண்டும் என்றார். மிஷனரிமார் மறுத்தார்கள். பிஷப்பையே ஏற்காத ஸ்கொட்லாந்துத் துரைமார் கொடுக்கும் காசிலும் நடக்கும் மிஷனைப் பிஷப்பின் கையில் எப்படிக் கொடுப்பது? 1876இல் அவர் மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்களை இரத்துச் செய்தார். விசயம் இங்கிலாந்துப் பேராயர்கள் வரை போய் 1880இல்தான் அடங்கியது.

இந்தச் சண்டை முழுவதும் தமிழ்த் தொழிலாளர்களை யார் மேய்ப்பது என்பதைப் பற்றியது. அந்தத் தொழிலாளர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூப்பர் சபை என்று பெருமைப்பட்டவர்கள்கூட லயத்தில் ஒரு மூப்பரைத் தேடவில்லை என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. பிற்காலத்தில் 'கூலி' என்ற சொல்லை எடுத்து 'தமிழ்ச் சபை மிஷன்' என்று மாற்றினார்கள். அந்த மட்டுக்கு நல்லது.

1907இல் வந்த சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் கடமையைத் துரைமாரின் தலையில் வைத்தது. பல துரைமார் பிள்ளைக்காம்பராவிலோ ஒரு தகரக் கொட்டிலிலோ ஒற்றை வாத்தியாரை நிறுத்திக் கணக்கை முடித்தார்கள். 1960–61இல் மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. அதற்குள் 1948 குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். கோயிலில் பாடியவர்களும் இடாப்பில் பெயர் இருந்த பிள்ளைகளும் கப்பலேறிப் போனார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதோடு மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் போய்விட்டார்கள்.

அவர்களுடைய கல்லறைகளில் பெயரும் ஊரும் வருசமும் வெட்டியிருக்கிறது. ஜேம்ஸ் டெய்லருடைய கல்லறை கண்டி மஹய்யாவையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். உபதேசிமாரின் பெயர்கள் நம்ம பாடப்புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை.

இறக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டைப் பக்கத்து உறவுகளே, உங்கள் பாட்டன் பூட்டன் யாராவது உபதேசியாராகவோ தோட்டத்து வாத்தியாராகவோ இருந்திருந்தால், பழைய இடாப்போ ஞானஸ்நானச் சீட்டோ ஒரு படமோ வீட்டில் இருந்தால், பத்திரப்படுத்தி எங்களுக்குச் சொல்லுங்கள். எந்த மதத்து வீடாக இருந்தாலும் வந்து எழுதிக்கொள்கிறோம்.