கைக்கு வந்த பந்தைத் திருப்பிப் பிடுங்கும் மஞ்சள் கொடி: அமெரிக்க ஃபுட்பாலில் ஓயாத சண்டை

2019 ஜனவரி 20. கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் ஸ்டேடியம். ஸ்கோர்: சீஃப்ஸ் 28, பேட்ரியாட்ஸ் 24. ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பாக்கி. டாம் பிரேடி வீசிய பந்து ராப் கிரான்கௌஸ்கியின் கையில் பட்டுத் தெறிக்க, சீஃப்ஸின் சார்வேரியஸ் வார்டு அதை அள்ளிவிட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது. 49 வருஷம் கழித்து சூப்பர் பௌலுக்குப் போகிறோம் என்று மொத்த ஸ்டேடியமும் குதித்தது.

அப்போதுதான் புல்வெளியில் கிடந்த மஞ்சள் துணி எல்லார் கண்ணிலும் பட்டது. பந்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடத்தில், சீஃப்ஸ் வீரர் டீ ஃபோர்டு கோட்டைத் தாண்டித் தலையை நீட்டியபடி நின்றிருந்தார். ஆஃப்சைடு. தண்டனை வெறும் 5 யார்டு. ஆனால், அந்த 5 யார்டோடு வார்டு பிடித்த பந்தும் பேட்ரியாட்ஸிடமே திரும்பிப் போனது. அவர்கள் டச்டவுன் அடித்தார்கள், சீஃப்ஸ் ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தது, கடைசியில் ஓவர்டைமில் பேட்ரியாட்ஸ் 37-31 என ஜெயித்தது. அடுத்த இரண்டே வாரத்தில் சூப்பர் பௌலும் அவர்களுக்குத்தான்.

'இது என்னங்க நியாயம்?' என்று உங்களுக்குத் தோன்றினால், வாங்க, நீங்களும் இந்தச் சண்டையில் சேர்ந்துவிட்டீர்கள். அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொள்ளும் விஷயம் இதுதான். பெனால்டி விழுந்தால் டர்ன்ஓவர் செல்லுமா, செல்லாதா? செல்லக் கூடாது என்றால் ஏன்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர்க்காரர்களுக்கு 'ஃபுட்பாலில் பெனால்டி' என்றாலே ரொனால்டோ பந்தை வைத்துப் பெருமூச்சு விடும் காட்சிதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. என்.எஃப்.எல். ஆட்டத்தில் பெனால்டி என்பது விதிமீறலுக்கான தண்டனை. நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார்; தப்பு செய்த அணிக்கு பெரும்பாலும் 5, 10 அல்லது 15 யார்டு நஷ்டம். டர்ன்ஓவர் என்றால் பந்து எதிரணிக்குக் கைமாறுவது. அது இரண்டு வழியில் நடக்கும். வீசிய பந்தை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன். பந்தோடு ஓடுபவர் கையிலிருந்து அது நழுவினால் ஃபம்பிள். அந்த ஃபம்பிளை எதிரணி பொறுக்கினால்தான் டர்ன்ஓவர். சொந்த அணி ஆளே விழுந்து அமுக்கிக்கொண்டால் பெரிய நஷ்டமில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மீதியைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். 2017 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலில் பும்ரா பந்தில் ஃபகார் ஜமான் தோனியிடம் கேட்ச் ஆனார். அப்போது அவர் ஸ்கோர் 3. ஆனால், நோ-பால்! பிறகு அவர் அடித்தது 114, இந்தியா தோற்றது 180 ரன்னில். கோட்டைத் தாண்டிய பும்ராவின் கால்தான் டீ ஃபோர்டின் தலை. வலி கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால், நோ-பாலைவிட இங்கே கணக்கு கொஞ்சம் சிக்கல். கொடி விழுந்ததும் தண்டனை தானாக அமலாகிவிடாது. பாதிக்கப்பட்ட அணி 'ஏற்கிறோம்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்லலாம். இந்தச் சின்ன உரிமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பந்து வைத்திருக்கும் அணியே தப்பு செய்து, அதே ஆட்டத்தில் ஃபம்பிளும் செய்தால்? உதாரணத்துக்கு, ஒருவர் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் பந்தைக் கோட்டைவிட்டார். பந்தைப் பொறுக்கிய அணி 'பெனால்டி வேண்டாம் சாமி' என்று சிரித்துக்கொண்டே பந்தோடு போய்விடும். 10 யார்டு யாருக்கு வேண்டும், பந்தே கையில் இருக்கும்போது! இதில் சண்டையே கிடையாது.

தடுக்கும் அணி தப்பு செய்திருந்தால்தான் வில்லங்கம். பந்து கைமாறுவதற்கு முன்பே அந்தத் தப்பு நடந்திருந்தால், தாக்கும் அணி பெனால்டியை ஏற்றுக்கொள்ளும். உடனே ஃபம்பிளோ இன்டர்செப்ஷனோ நடக்காததுபோல் ஆகிவிடும். ஸ்கோர் புத்தகத்திலும் இருக்காது. ஃபேன்டசி லீக் ஆடும் நண்பர்கள் 'என் பாயின்ட் எங்கே?' என்று அலறுவது இதனால்தான்.

பந்து கைமாறிய பிறகு தப்பு நடந்தால் கதை வேறு. ஃபம்பிளைப் பொறுக்கிக்கொண்டு ஒருவர் ஓடுகிறார், அவர் அணிக்காரர் எதிராளியை முதுகில் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி விழும், யார்டு போகும், பந்து போகாது. இரண்டு அணியும் தப்பு செய்திருந்தால் நடுவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: பந்தைப் பிடித்த அணி, பிடிக்கும் அந்த நொடிவரை சுத்தமாக இருந்ததா? 'க்ளீன் ஹேண்ட்ஸ்' என்பார்கள். கை சுத்தமாக இருந்தால் பந்து உனக்கே, அதன் பிறகு செய்த தப்புக்கு மட்டும் தண்டனை. கை அழுக்கு என்றால் இரண்டு பெனால்டியும் கழிந்து, ஆட்டம் முதலிலிருந்து.

நம்ம கருத்தைக் கேட்டால், இந்தச் 'சுத்தமான கை' விதி மொத்த ரூல் புத்தகத்திலேயே நியாயமான ஒன்று. சிக்கல் விதியில் இல்லை, எது தப்பு என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது.

அதற்கு 2022 அக்டோபர் 10 ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். வீடியோ கிடைத்தால் அவசியம் பாருங்கள். ரெய்டர்ஸ் குவாட்டர்பேக் டெரெக் கார் மீது சீஃப்ஸின் கிறிஸ் ஜோன்ஸ் பாய்கிறார். பாயும்போதே பந்தைத் தட்டிப் பறித்துவிடுகிறார். கார் மீது விழும்போது பந்து ஜோன்ஸ் கையில் இருக்கிறது! அப்படியொரு சுத்தமான ஃபம்பிள். ஆனால், நடுவர் கார்ல் ஷெஃபர்ஸ் கொடியை வீசினார். காரணம், 'ரஃபிங் த பாஸர்'. அதாவது, பந்து வீசுபவர் மீது முழு உடல் எடையையும் போட்டு விழுந்தாராம். 15 யார்டு, பந்து மறுபடியும் ரெய்டர்ஸுக்கு. அந்த வாய்ப்பில் அவர்கள் ஃபீல்டு கோலும் அடித்தார்கள்.

பந்து கையில் இல்லாத ஆளுக்கு எதற்கு 'பாஸர்' பாதுகாப்பு? ரசிகர்கள் கேட்ட கேள்வி இதுதான். பந்து வீசும் நிலையில் இருந்தவர் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்கு வரும்வரை பாதுகாப்பு தொடரும் என்பது ஷெஃபர்ஸின் விளக்கம். இந்த உடல் எடை விஷயத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. 2017-ல் ஆரோன் ராட்ஜர்ஸ் மீது இப்படி ஒருவர் விழுந்ததில் அவரது காறை எலும்பு முறிந்தது. அடுத்த சீஸனிலிருந்து லீக் இந்த விதியைக் கறாராக்கியது. கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரம் வீட்டில் உட்கார்ந்தால் டி.வி. ரேட்டிங் என்ன ஆவது என்ற கவலையும் இதில் இல்லாமலா இருக்கும்?

அன்று சீஃப்ஸ் 30-29 என ஒரு பாயின்ட்டில் தப்பித்துவிட்டது. தோற்றிருந்தால் இந்தக் கொடிக்குக் கோயிலே கட்டித் திட்டியிருப்பார்கள்.

இதுவரை பார்த்தது வீசப்பட்ட கொடி. வீசப்படாத கொடி இன்னும் மோசம்.

2015 அக்டோபர் 5, சியாட்டில். சீஹாக்ஸ் 13, லயன்ஸ் 10. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். லயன்ஸின் கால்வின் ஜான்சன் பந்தோடு கோல் கோட்டை நோக்கிப் பாய்கிறார். கோட்டுக்கு ஓரடி முன்னால் கேம் சான்ஸலர் பந்தைக் குத்தித் தள்ளுகிறார். பந்து எண்டு ஸோனுக்குள் உருள்கிறது. அங்கே நின்ற சீஹாக்ஸ் வீரர் கே.ஜே. ரைட், நிதானமாக அதைக் கையால் தட்டி வெளியே அனுப்புகிறார். எண்டு ஸோனில் பந்தை வேண்டுமென்றே தட்டுவது விதிமீறல். கொடி விழுந்திருந்தால் கோல் கோட்டின் வாசலிலேயே பந்து லயன்ஸுக்குக் கிடைத்திருக்கும். நடுவர் பக்கத்திலேயே இருந்தார், கொடி விழவில்லை. பந்து சீஹாக்ஸுக்கு, வெற்றியும் அவர்களுக்கு. அது தவறு என்று லீக்கின் நடுவர் பிரிவுத் தலைவர் டீன் பிளாண்டினோ ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன செய்ய, ஆட்டம் முடிந்துவிட்டதே!

இங்கே இன்னொரு விதியும் சேர்ந்து விளையாடுகிறது. ஃபம்பிள் ஆன பந்து மைதானத்தின் பக்கவாட்டில் வெளியே போனால் ஃபம்பிள் செய்த அணிக்கே திரும்பும். அதே பந்து எதிரணியின் எண்டு ஸோன் வழியாக வெளியே போனால் எதிரணிக்கு, அதுவும் 20 யார்டு கோட்டிலிருந்து! யாரும் பொறுக்காத பந்துக்குப் பரிசு. ரசிகர்கள் அதிகம் வெறுக்கும் விதி எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

இந்த இரண்டு எரிச்சலும் ஒரே நொடியில் மோதிக்கொண்டது 2021 ஜனவரி 17-ல். பிளே-ஆஃப் ஆட்டம். பிரௌன்ஸின் ராஷார்ட் ஹிக்கின்ஸ் பந்தை நீட்டியபடி எண்டு ஸோன் மூலையை நோக்கிப் பாய்ந்தார். சீஃப்ஸின் டேனியல் சோரன்சன் தலையைக் குனிந்து மோதினார். ஹெல்மெட்டோடு ஹெல்மெட். பந்து நழுவி எண்டு ஸோன் வழியே வெளியேற, சீஃப்ஸுக்குப் பந்து. தலையால் மோதுவது தண்டனைக்குரியது. கொடி விழுந்திருந்தால் தப்பு பந்து கைமாறுவதற்கு முன்பே நடந்தது என்பதால் பிரௌன்ஸே பந்தை வைத்திருக்கும். விழவில்லை. ரீப்ளேயில் ஃபம்பிளை ஆராய்ந்தார்கள். ஆனால் வீசாத கொடியை ரீப்ளே பார்த்து வீச முடியாது. பிரௌன்ஸ் தோற்றது 22-17. ஐந்தே பாயின்ட்.

கவனித்தீர்களா, டர்ன்ஓவர் எல்லாமே 2012 முதல் தானாகவே ரீப்ளேவுக்குப் போகும். பந்து எப்போது நழுவியது, முழங்கால் தரையைத் தொட்டதா என்று ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்ப்பார்கள். அந்த ஃபம்பிளை உண்டாக்கிய விதிமீறலை மட்டும், பெரும்பாலும், பார்க்க மாட்டார்கள். திருடனைப் பிடிக்க சி.சி.டி.வி. வைத்துவிட்டு, வாசல் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாத மாதிரி. 2019 சீஸனில் ஒரு பரிசோதனை செய்தார்கள்: பந்து பிடிப்பவரைத் தடுக்கும் 'பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்' தப்பை மட்டும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்று. டீ ஃபோர்டு கொடி விழுந்த அதே நாளில், செயின்ட்ஸ் - ராம்ஸ் ஆட்டத்தில் விழாமல் போன ஒரு கொடிதான் அதற்குக் காரணம். ஒரே சீஸனில் அலுத்துப்போய்க் கைவிட்டார்கள்.

சரி, கொடியே வாங்காமல் ஆடும் அணிதான் நல்ல அணியா? அதுவும் இல்லை. 2013 சீஹாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சீஸனில் லீக்கிலேயே அதிக பெனால்டி வாங்கிய அணி அதுதான். எதிரணியிடமிருந்து அதிக டர்ன்ஓவர் பறித்த அணியும் அதுவேதான்: 39. ரிச்சர்ட் ஷெர்மன் மட்டும் 8 இன்டர்செப்ஷன். கடைசியில் சூப்பர் பௌலை 43-8 என ஜெயித்தார்கள். பந்தைப் பிடுங்க ஒட்டி நின்று, இழுத்து, இடித்து ஆடினால் கொடியும் விழும், பந்தும் கிடைக்கும். நடுவர்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்ற கணக்கு அது. 'ஏமாற்று' என்பார்கள் எதிரணி ரசிகர்கள். 'துணிச்சல்' என்பார்கள் சியாட்டில்காரர்கள். ஆனால், வெறுமனே கொடி வாங்குவதே வீரம் ஆகிவிடாது. 2011 ரெய்டர்ஸ் 163 பெனால்டி வாங்கிச் சாதனை படைத்தது. முடிவு, 8 வெற்றி, 8 தோல்வி.

பெனால்டி எப்படி ஆடுபவர் மனசையே மாற்றும் என்பதற்கு 'ஃப்ரீ பிளே' நல்ல உதாரணம். தடுக்கும் அணி ஆள் அவசரப்பட்டு கோட்டைத் தாண்டினார், ஆட்டம் நிறுத்தப்படவில்லை என்றால், குவாட்டர்பேக்குக்கு அது லாட்டரி. இன்டர்செப்ஷன் ஆனாலும் செல்லாது என்று தெரியும். அதனால் பயமே இல்லாமல் தூரமாக வீசுவார். ஃப்ரீ ஹிட்டில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவதுபோல. ஆரோன் ராட்ஜர்ஸ் இதை ஒரு கலையாகவே வைத்திருந்தார். குரலை ஏற்றி இறக்கி எதிராளியை முன்கூட்டியே குதிக்க வைப்பது, குதித்ததும் பந்தை உடனே வாங்கி வீசுவது!

அடுத்த தடவை மொபைலில் ஒரு ஃபம்பிள் வீடியோ பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டு மஞ்சள் துணி எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். பிறகு மூன்றே கேள்விதான். தப்பு செய்தது எந்த அணி? பந்து கைமாறுவதற்கு முன்பா, பிறகா? 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை யாரிடம்? நடுவர் மைக்கைத் தொடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

டீ ஃபோர்டு என்ன ஆனார் என்கிறீர்களா? அந்த ஆட்டம் நடந்த இரண்டே மாதத்தில் சீஃப்ஸ் அவரை சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அடுத்த சீஸனின் சூப்பர் பௌலில் மோதியவை அதே இரண்டு அணிகள்தான். 31-20 என ஜெயித்தது சீஃப்ஸ்.