தும்பிக்கை வைத்த லை

சிவகாசியிலிருந்து சித்தி என் அம்மாவுக்கு எழுதிய 17 கடிதங்கள் என்னிடம் உள்ளன. எல்லாம் இன்லேண்ட் லெட்டர்கள். மேலே பிள்ளையார் சுழி, வலப்பக்கம் தேதி, பிறகு 'அன்புள்ள அக்காவுக்கு'. விருதுநகரில் என் மாணவிகளிடம் காட்டினால், "எழுத்து எவ்வளவு அழகு மேடம்!" என்கிறார்கள். லை, னை தலையில் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு. ணா, றா, னாவில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும்.

அந்த அழகுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தை, எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பாடநூல்கள் மாறின. அலுவலகத்தில் தினமும் எழுதிய அப்பாவின் கையும் மெல்ல மாறியது. சித்தி அதற்கு வெகுமுன்பே ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். கட்டையில் குச்சி அடுக்கிய விரல்களுக்குப் புதிய 'லை'யை யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பு நின்ற இடத்திலேயே எழுத்தும் நின்றது.

சிவகாசியின் வரலாறு, 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து தொடங்கும். குச்சி அடுக்கிய பெண்கள் அதில் கூலிக்கணக்காக மட்டுமே வருவார்கள். அவர்கள் தம் கையால் எழுதியது இத்தகைய கடிதங்களில்தான் இருக்கிறது. 1950இல் வந்த இன்லேண்டை மடித்து ஒட்டலாம். போஸ்ட் கார்டுபோலத் தபால்காரர் முதல் மாமியார்வரை படித்துவிட முடியாது. சித்தி ஓரங்களிலும் மடிப்பிலும் நுணுக்கி எழுதினாள்: சனிக்கிழமைக் கூலியைச் சித்தப்பா வாங்கிக்கொண்டது, கலைந்த கரு, மருந்து பட்டு வெந்த விரல்.

புதிய எழுத்தில் படித்த நான், எட்டு வயதில், அவளுடைய தும்பிக்கைகளைப் பிழை என்று சிவப்புப் பென்சிலால் சுழித்தேன். ஊருக்கு வந்த சித்தியிடம் அம்மா அதைச் சிரித்துக்கொண்டே காட்டினாள். சித்தியும் சிரித்தாள். அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களும் அவள் சொல்ல, மகன் எழுதியவை. பிழையே இல்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி அவற்றில் எதுவும் இல்லை. மகனிடம் சொல்லி எழுதவைக்கக்கூடியது அவ்வளவுதான்.

வீட்டிலுள்ள பழைய கடிதங்களைப் பிரிக்கும்போது, யார் பெயரில் வந்தது என்பதோடு யார் கை எழுதியது என்பதையும் குறித்து வையுங்கள் என்று மாணவிகளிடம் சொல்கிறேன். அழகு என்று அவர்கள் தொடும் எழுத்துகளைச் சுற்றி என் சிவப்புச் சுழிகள் இன்னும் இருக்கின்றன.