பந்தை எங்கேய்யா வைக்கிறது? (1687-லேர்ந்து ஒரு குழப்பம்)

கோல்ஃப்னாலே கார்ல வந்து இறங்குற பணக்காரங்க விளையாட்டுன்னுதான் நம்ம ஆளுங்க நெனைப்பாங்க. நான் படிக்கிற எடின்பரோவில் கதையே வேற. புரண்ட்ஸ்ஃபீல்டுன்னு ஒரு புல்வெளி இருக்கு. கோடையில் அங்கே யார் வேணும்னாலும் காசு கொடுக்காம ஆடலாம். மாணவப் பயலுகளுக்குக் கொண்டாட்டம்தான்.

இதே ஊரில் 1687-ல் ஒரு மருத்துவ மாணவர் இருந்தார். பேரு தாமஸ் கின்கெய்ட். படிப்பு போக மீதி நேரத்தில் கோல்ஃப் ஆடுவார், வந்து டைரி எழுதுவார். எப்படி நிக்கணும், உடம்பை எப்படித் திருப்பணும்னு அவர் எழுதி வச்சதுதான் ஆங்கிலத்தில் கிடைச்ச மிகப் பழைய கோல்ஃப் பாடங்களில் ஒண்ணு. வாள்சண்டைக்கு நிக்கிற மாதிரி முழங்காலை லேசா மடக்கி நில்லுங்கிறார். தசையெல்லாம் விறைப்பா இருக்கணுமாம் (இன்னிக்கு எந்தக் கோச்சும் ஒத்துக்க மாட்டார்). ஆனா பந்து விஷயத்தில் மனுஷன் கெட்டிக்காரர். நெஞ்சுக்கு நேரே, கொஞ்சம் இடது கால் பக்கமாங்கிறார்.

ஏன் இடது பக்கம்? ஊஞ்சலை நினைச்சுக்கங்க. மேலேர்ந்து வந்து ஒரு இடத்தில் தரையை ஒட்டி, திரும்ப மேலே போகும். மட்டையும் அப்படித்தான். வலக்கை ஆட்டக்காரருக்கு அந்தத் தாழ்ந்த இடம் கிட்டத்தட்ட இடது தோளுக்குக் கீழே வரும். பந்து அதுக்கு ரொம்பப் பின்னாடி இருந்தா, மட்டையோட முகம் நேராகறதுக்குள்ளேயே அடி விழுந்து பந்து வலது பக்கம் கெளம்பிடும். ரொம்ப முன்னாடி இருந்தா இடது பக்கம் இழுத்துக்கும். ஒரு அங்குலம் மாறினாலும் வித்தியாசம் தெரியும். அதனால தினமும் ஒரே இடத்தில் வைக்கணும்கிறதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதிலிருந்து அளக்கிறது? அங்கேதான் சண்டையே.

ஹாரி வார்டன் 1905-ல் வெளியிட்ட புத்தகத்தில் பாதமும் பந்தும் இருக்கிற இடத்தை அளந்து படம் போட்டே காட்டினார். 1957-ல் பென் ஹோகன் 'ஃபைவ் லெசன்ஸ்' எழுதினார். இடது குதிகாலுக்கும் பந்துக்கும் உள்ள கணக்கை மாத்தாதே, மட்டை சின்னதாக ஆக வலது காலை மட்டும் கிட்டே கொண்டு வாங்கிறது அவர் கட்சி. 1974-ல் ஜாக் நிக்லாஸ் 'கோல்ஃப் மை வே'யில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். எதிர்க்கட்சிக்காரங்க, டிரைவருக்கு இடது குதிகால், சின்ன ஐயனுக்கு நடுவில், மத்ததெல்லாம் இடையில்னு சொல்லிக் கொடுத்தாங்க. இன்னிக்கும் நிறைய கோச்சுகள் இப்படித்தான்.

எனக்கு என்ன தோணுதுன்னா, இதில் பாதிச் சண்டை கண்ணோட ஏமாத்து வேலை. ஹோகன் சொன்னபடி வலது காலை நெருக்கினா, பந்து நகராமலேயே நடுவுக்கு வந்துட்ட மாதிரி தெரியும். பாதத்தோட நுனியை வெளியே திருப்பினாலும் அதே குழப்பம், அதனாலதான் குதிகாலிலிருந்து அளக்கச் சொல்றாங்க. ஆனா மீதிப் பாதி நிஜமான சண்டை. டீ மேல இருக்கிற பந்தை மட்டை மேலே ஏறும்போது அடிக்கலாம், புல்லில் கிடக்கிறதை இறங்கும்போதுதான் அடிச்சாகணும். ரெண்டுக்கும் ஒரே இடம் சரிவர, நிக்லாஸ் மாதிரி இடுப்பும் காலும் வேலை செய்யணும். நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை ஆளுங்க ஐயனுக்குக் கொஞ்சம் உள்ளே வச்சுக்கிறதுதான் நல்லது.

கின்கெய்டை மறுபடி படிச்சப்போதான் கவனிச்சேன். அவர் முதலில் சொன்னது காலை இல்லை, நெஞ்சை. காலை அகட்டலாம், நெருக்கலாம், திருப்பலாம். சட்டைப் பொத்தான் வரிசை அதுக்கெல்லாம் நகராது. இப்பல்லாம் நான் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே, பந்து எந்தப் பொத்தானுக்கு நேரேன்னு பாத்துட்டுத்தான் நிக்கிறேன்.