கழுத்துக் கட்டியும் பழைய ஃபைலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் உறவினர் ஒருவர் அபிராமபுரம் வீட்டுக்கு வந்திருந்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவு தைராய்டு கட்டி. மறுநாள் ஊசி டெஸ்ட். பதினோரு வருஷத்துக்கு முன் புற்றுநோயால் ஒரு சிறுநீரகத்தை எடுத்தவர் அவர். "அதை டாக்டரிடம் சொன்னீங்களா?" என்றேன். "அது முடிஞ்சுபோன கதை, இப்ப எதுக்கு?" என்றார்.

முடிந்த கதை இல்லை. புற்றுநோய் எங்கே போய்த் தங்கினாலும், தொடங்கிய உறுப்பின் பெயரில்தான் அதற்கு வைத்தியம். நம் வீட்டுக்கு ஆற்றின் அந்தக் கரையில், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கினார்கள். அதிலும் முதல் கேள்வி, எந்த உறுப்பில் தொடங்கியது என்பதே. 1923இல் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது வருஷம் விடாமல் முயன்று 1954இல் 12 படுக்கைகளோடு திறந்த இடம் அது. வெளியே சொல்லவே கூசிய அந்த நோயை எண்ணிப் பதிவு செய்யும் காலம் வந்ததே பெரிய விஷயம்.

தைராய்டில் ஒரு விசித்திரம் உண்டு. சின்னச் சுரப்பிதான், ஆனால் ரத்த ஓட்டம் ஏராளம். அப்படியும் வேறு உறுப்பின் புற்று அங்கே வந்து ஒட்டுவது அபூர்வம். வேகமான ரத்தமும், அதிலுள்ள ஆக்ஸிஜனும், சுரப்பியின் அயோடினும் தடுக்கலாம் என்று 1931இல் ஆஸ்திரேலிய நோயியல் அறிஞர் ரூபர்ட் வில்லிஸ் எழுதினார். இன்றும் அது ஊகம்தான். அப்படி வந்து ஒட்டுவதில், நோயாளி உயிரோடிருக்கும்போது கண்டுபிடிக்கப்படுபவற்றில், சிறுநீரகத்துக்குத்தான் முதலிடம். அதுவும் பத்து, இருபது வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும்!

ஊசியால் கட்டியிலிருந்து அணுக்களை உறிஞ்சிப் பார்க்கும் முறையை 1930இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் வெளியிட்டார்கள். பிறகு ஸ்வீடனில் மெல்லிய ஊசியாக அது வளர்ந்தது. ஆனால் சிறுநீரகத்திலிருந்து வந்த அணு, ஸ்லைடில் தைராய்டின் சொந்த அணு போலவே ஏமாற்றும். ரத்தமும் கலந்து வரும். பழைய கதை தெரிந்தால்தான் பெத்தாலஜிஸ்ட் சந்தேகப்பட்டு, தைரோகுளோபுலின் போன்றவற்றுக்குத் தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். அது தைராய்டு அணுவில் மட்டும் ஊறும் புரதம். தவறாகப் புரிந்துகொண்டு கதிரியக்க அயோடின் கொடுத்தால், சிறுநீரகப் புற்றுக்கு அது பலிக்காது.

பயப்படாதீர்கள், தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே இல்லை. இதை அவரிடமும் சொன்னேன். மறுநாள் காலை மஞ்சள் பையில் பழைய ஆபரேஷன் ஃபைலை எடுத்துக்கொண்டுதான் போனார். ரிசல்ட் இன்னும் வரவில்லை.