பழைய பிஸ்டனில் பிறந்த லேத்

லேத் செய்ய ஒரு லேத் வேண்டும். இயந்திரத் தொழில் பிறந்தபோதே கூடப் பிறந்த சிக்கல் இது. 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்திய காலத்தில், உலோகத் தளத்தைச் சமமாக்கித் தரும் இயந்திரம் கிடையாது. அரமும் சுரண்டியும் பிடித்த கைகள்தான் அந்த வேலையைச் செய்தன.

மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், சமதளம் உண்டாக்கும் முறை பற்றி 1840இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசித்தார். இரண்டு தட்டுகளை மட்டும் பொருத்திப் பார்த்தால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் கச்சிதமாகப் பொருந்தி ஏமாற்றிவிடும். மூன்றாவதாக ஒரு தட்டைச் சேர்த்து, மூன்றையும் மை தடவி மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டினால் அந்த ஏமாற்று எடுபடாது. துல்லியத்தைக் கடன் வாங்காமலே உண்டாக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஆனால் லேத்தின் உடல் வார்ப்பிரும்பு. அதை உருக்க சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டுக் கொல்லையில் நடக்கிற காரியமல்ல. முதல் உலகப்போரின்போது பீரங்கிக் குண்டுகளைக் கடைய அவசரமாக லேத்துகள் தேவைப்பட்டதால், அமெரிக்காவின் லூசியன் யோமன்ஸ் கான்கிரீட் உடலையே பயன்படுத்தினார். போர் முடிந்ததும் அந்த வழியை யாரும் பெரிதாகப் பின்தொடரவில்லை.

அலுமினியம் உருக 660 டிகிரி போதும். 1886இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எரூவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டுபிடிக்கும்வரை அது விலையுயர்ந்த உலோகம். நூறாண்டுக்குள் பழைய பிஸ்டனாகவும் கியர்பெட்டியாகவும் காயலான் கடையில் குவிந்துவிட்டது.

அந்தக் குவியலைப் பட்டறையாக்க வழி சொன்னவர் மிசூரி மாநிலத்தின் டேவிட் ஜிஞ்ஜெரி. 1980களில் பரவிய அவருடைய ஏழு நூல்களின் சிறப்பு அவற்றின் வரிசைதான். முதல் நூல் கரி உலை. அடுத்தது லேத்: மர மாதிரியை ஈரமணலில் பதித்து அலுமினியத்தை ஊற்ற வேண்டும், வார்த்த படுக்கையின் மேல் எஃகுப் பட்டைகளை முடுக்கிச் சறுக்குத் தளமாக்க வேண்டும். மென்மையான அலுமினியம் உராய்வில் தேயும் என்பதால் இந்த ஏற்பாடு. பாதி முடிந்த லேத்தே தன் முகத்தட்டைக் கடைந்துகொள்கிறது!

மூன்றாவது ஷேப்பர், அதாவது உளியை முன்னும் பின்னும் நகர்த்தி உலோகத்தைச் சீவும் இயந்திரம். மில்லிங் மிஷின் வந்தபின் தொழிற்சாலைகள் கைவிட்ட இயந்திரத்துக்கு இவர் ஏன் முன்னிடம் கொடுத்தார்? மில்லிங் கட்டருக்குப் பல பற்கள், விலையும் அதிகம். ஷேப்பருக்கு ஒற்றை முனை உளி போதும். அதைக் கையாலேயே தீட்டிக்கொள்ளலாம். ஏழை எதை முதலில் செய்ய வேண்டும் என்று யோசித்தவரின் கணக்கு அது.

குறைகளும் உண்டு. அலுமினியத்தின் அடர்த்தி வார்ப்பிரும்பில் பாதிகூட இல்லை. விறைப்பும் குறைவு, அதிர்வை உள்வாங்கும் திறனும் குறைவு. ஆழமாக வெட்டினால் உளி நடுங்கும். உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் நீராவி வெடித்துச் சிதறும் ஆபத்து வேறு. ஜிஞ்ஜெரி 2004இல் காலமானார். அதற்கடுத்த ஆண்டில் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிடும் முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டத்தைத் தொடங்கினார். நோக்கம் ஒத்ததுதான். ஆனால் மோட்டாரும் மின்சுற்றும் கடையிலிருந்தே வர வேண்டிய அந்த அச்சுப்பொறியைவிட, கரியிலும் மணலிலும் தொடங்கிய ஜிஞ்ஜெரியின் லேத்தே சொந்தக் காலில் அதிகம் நின்றது.